வாடகைக்காக ஒரு சம்பளச் சான்று

ஜோதியம்மாள் வாடகையை ஏற்றியதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முகவரிக்கு ஏதாவது ஒரு சான்று வேண்டும் என்றார் ஜோதியம்மாள். அவர்தான் வீட்டுக்கு உரிமையாளர், கீழே குடியிருக்கிறார், மாடியில் நாங்கள். என் ஆதார் அட்டையில் இன்னும் பழைய முகவரிதான் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் மட்டும் இந்த வீட்டு முகவரி. அதன் முதல் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் எதையும் அரைகுறையாகக் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. முதல் பக்கத்தோடு கடைசி ஆறு மாத வரவு செலவுப் பக்கங்களையும் நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் தேதியும் போட்டு, கிளிப் மாட்டிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஜோதியம்மாள் படியேறி வந்தார். முழங்கால் வலிக்காரர், சாதாரணமாக மாடிக்கு வரமாட்டார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. கார்த்திகைலருந்து பன்னெண்டாயிரமா குடுத்துடுங்க."

"ஒம்பதுலருந்து பன்னெண்டாம்மா?"

"பக்கத்து வீட்டுல ரெண்டு ரூமை வச்சிகினு வெள்ளைக்காரங்ககிட்ட நாளைக்கு ஆயிரத்து இருநூறு வாங்கறாங்க. நான் அந்த மாதிரியா கேக்கறேன்? மலை தெரியிற பால்கனி சார் இது. ஆசிரமம் நடந்து போற தூரம்."

"இப்ப குடுக்கறதே எங்களுக்கு ஜாஸ்திம்மா. எனக்கு வர்ற சம்பளத்துல…"

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பொய் சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல. "எங்க பையன் அருணுக்கு அந்தப் பேப்பரெல்லாம் போட்டோ புடிச்சி அனுப்பினேன் சார். மெட்ராஸ்லருந்து பாத்துட்டு அவன்தான் சொன்னான். மாசம் அம்பத்தேழாயிரத்து எழுநூறு வருதாமே? எனக்குப் படிப்பு இல்லதான். அதுக்காக பாஸ்புக் பொய் சொல்லுமா?"

பாஸ்புக் பொய் சொல்லவில்லை. அந்தத் தொகை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி என் கணக்குக்கு வருகிறது. ஐந்தாம் தேதிக்குள் அதில் முப்பத்தாறாயிரத்து எழுநூறை எடுத்து, பழுப்பு உறையில் போட்டு, கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர் ராமதாஸிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு நிற்பது இருபத்தோராயிரம். எங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் இதே வழக்கம்தான். ஆய்வுக்கு வருகிறவர்கள் வங்கிக் கணக்கைப் பார்த்தால் விதிப்படி சம்பளம் போகிறது என்று தெரியவேண்டுமாம். நான் வேதியியல் எடுக்கிறேன், எட்டு வருடமாக. எம்.எஸ்சி., எம்.பில்., தகுதித் தேர்வும் தேறியவன். அந்தச் சான்றிதழ்களின் அசல் எல்லாம் கல்லூரி பீரோவில் இருக்கின்றன. கேட்டால் தருவார்கள், வேலையை விட்டுப் போவதாக எழுதிக்கொடுத்தால்.

வெளியே யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் ஜோதியம்மாளிடம் வாயைத் திறக்க முடியவில்லை. "யோசிச்சிச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

"யோசிங்க, யோசிங்க. புரொபசராச்சே. நான் அவசரப்படுத்தல" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இந்த வீட்டைவிட்டுப் போகமுடியாததற்கு எங்களுக்கு ஒரே காரணம் பூஜா. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இங்கிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஒன்பதாயிரத்துக்கு ஊருக்குள் இன்னொரு வீடு கிடைக்கும் காலம் போய்விட்டது. வேங்கிக்கால் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளில்கூட இரண்டு அறை என்றால் பதினொன்று சொல்கிறார்கள், அதற்கு மேல் பத்து மாத முன்பணம். அதைவிட்டால் இருபது கிலோமீட்டர் தள்ளி என் மனைவி எழிலரசியின் அண்ணன் வீடுதான், கீழ்பென்னாத்தூரில். அங்கிருந்து பூஜா தினம் பேருந்தில் வந்து போக வேண்டும். மார்ச் வரைக்கும் இந்த மாடி கையைவிட்டுப் போகக்கூடாது. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"போய்ச் சம்பளத்த ஏத்திக் கேளுங்களேன்" என்றாள் எழிலரசி. "கேஸ் ஏறுச்சி, பால் ஏறுச்சி, பூஜா வேன் ஃபீஸ் ஏறுச்சினு வேனையே நிறுத்திட்டோம். எட்டு வருஷத்துல ஏறாதது நீங்க ஒருத்தருதான்."

"மூணு தடவ கேட்டாச்சி."

"வாயால கேட்டீங்களா, லெட்டர்ல கேட்டீங்களா?"

"லெட்டர்லதான்."

"அதான பாத்தேன்" என்றாள்.

அன்று இரவு யோசித்ததில், சம்பளத்தை ஏற்றிக் கேட்பதைவிட எளிதான வழி ஒன்று இருப்பதாக எனக்குப் பட்டது. ஜோதியம்மாள் கெட்டவர் இல்லை. என் உண்மையான சம்பளம் தெரிந்தால் மூவாயிரம் ஏற்றமாட்டார். நான் சொன்னால் நம்பமாட்டார். கல்லூரி சொன்னால் நம்புவார். வெளியில் சொல்லக்கூடாது என்பது எனக்குத்தானே, கல்லூரிக்கு இல்லையே. ஆகவே கல்லூரியிடமே சான்று கேட்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் விடுப்பு விண்ணப்பமோ ஆய்வகத்துக்குப் பியூரெட் கேட்கும் கடிதமோ எழுதுவதுபோல்தான் அதையும் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், ஐயா. பொருள்: உண்மையில் வழங்கப்படும் மாத ஊதியத்துக்குச் சான்று வேண்டுதல் தொடர்பாக. பார்வை ஒன்று: எனது பணி நியமன ஆணை. பார்வை இரண்டு: ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் நான் ரொக்கமாகத் திருப்பிச் செலுத்தும் ரூ.36,700. அதன்கீழ் நாலே வரிகள்: நான் கையில் பெறுவது ரூ.21,000 என்பதற்கு ஒரு சான்று வழங்கினால் வீட்டு உரிமையாளரிடம் காட்ட உதவியாக இருக்கும், நன்றி. இரண்டு படிகள் எடுத்தேன். அலுவலகத் தபால் மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு படியை வாங்கி, பதிவேட்டில் ஏறு வரிசையில் எண் போட்டு, 'வேதியியல் – காசி – கோரிக்கை' என்று எழுதி, இன்னொரு படியில் முத்திரை குத்தி என்னிடம் கொடுத்தாள். வந்த தபாலை அவள் படிக்கவில்லை. படிப்பது அவள் வேலையும் இல்லை.

அன்று பிற்பகல் இரண்டாமாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. முப்பத்தாறு பேருக்கு ஒன்பது பியூரெட். அதில் மூன்று ஒழுகும். ஒழுகாத ஆறுக்கு வரிசை நின்றுகொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் ஓடிவந்தார். "சார், ராமதாஸ் சார் ஒடனே வரச் சொன்னாரு. ஒடனேன்னா ஒடனே."

ராமதாஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் என் கடிதம்.

"சார், நீங்க படிச்சவருதானே?"

"ஆமா சார்."

"படிச்சவன் இத எழுதுவானா?"

"எது சார் தப்பா இருக்கு? தொகை சரிதானே?"

"தொகை சரியாத்தான் இருக்குது! அதான் பிரச்சனையே!" அவர் கதவைச் சாத்தினார். "பார்வை ரெண்டாம்! என் பதவியப் போட்டு! நான் என்ன உங்க ரெஃபரன்ஸ் புக்கா? இன்வர்ட் நம்பர் வேற. எழுநூத்து எம்பத்தி மூணு. செவ்வாக்கெழம இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருது சார். அந்த ரெஜிஸ்டர்ல பக்கத்துக்குப் பக்கம் சீல் இருக்கு. கிழிச்சிக் கடாசவும் முடியாது."

"பதில் குடுத்துட்டா முடிஞ்சிடும் சார்."

"நீங்க தெரிஞ்சி பண்றீங்களா, தெரியாம பண்றீங்களானே எனக்குப் புரியல" என்றவர், என்னைத் தாளாளர் அறைக்குக் கூட்டிப் போனார்.

எட்டு வருடத்தில் தாளாளர் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான் முதல் முறை. டீ வரவழைத்தார். பிஸ்கட்டும் வந்தது.

"காசி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"சான்று சார்."

"அது நடக்காது. வேற?"

அவரே சொன்னார். "அடுத்த மாசத்துலருந்து கவர்ல ரெண்டாயிரம் கம்மியா குடுங்க. அதாவது உங்களுக்கு இருபத்திமூணு. யாருக்கும் பண்ணாதது. அந்த லெட்டர வாபஸ் வாங்கிக்குங்க."

ராமதாஸ் என் முகத்தையே பார்த்தார். தலையாட்டு என்று கண்ணால் சொன்னதாக இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது படவில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: இரண்டாயிரம் ஏறும், வாடகை மூவாயிரம் ஏறும், ஆயிரம் துண்டு விழும். அதைவிட, இன்னொன்று மனதை அறுத்துக்கொண்டிருந்தது. போன வருடம் எழிலரசியின் அண்ணன் முருகவேல் ஆழ்துளைக் கிணற்றுக்கு ஐம்பதாயிரம் கேட்டார். இல்லை என்றேன். பேங்க்கில் கொட்டிக் கிடக்கிறது, கொடுக்க மனசில்லை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். கடன்காரன் பட்டம்கூடப் பரவாயில்லை. இல்லாத பணத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கஞ்சன் என்ற பட்டம் எனக்கு. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்காவது என் சம்பளம் எவ்வளவு என்று உள்ளபடி தெரிய வேண்டும் என்றிருந்தது.

"சம்பளம் ஏத்த வேணாம் சார். எங்க ஹவுஸ் ஓனர்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். வாடகைய ஏத்தமாட்டாங்க" என்றேன்.

தாளாளர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அவ்ளோதானா? நம்பர் சொல்லுங்க."

அங்கேயே போன் போட்டார். ஒலிபெருக்கியில் ஜோதியம்மாள் குரல், பெயரைக் கேட்டதும், "ஐயா, சொல்லுங்கய்யா" என்று ஒடுங்கியது. ஊரில் திருவிழாப் பந்தலுக்குப் பந்தல் தாளாளர் பேர்தான் உபயதாரர் பலகையில் இருக்கும்.

"உங்க மாடியில இருக்காரே காசி, நம்ம ஸ்டாஃப். கைக்கு அவருக்கு இருபத்தோராயிரம்தாம்மா. பேங்க்ல வர்றதுல மீதிய திருப்பிக் குடுத்துடுவாரு. அது ஆபீஸ் சமாச்சாரம். வெளிய பேசாதீங்க. பாத்து நடந்துக்குங்க."

"சரிங்கய்யா. எனக்குத் தெரியாதுங்கய்யா."

அரை நிமிடத்தில் முடிந்தது. ராமதாஸ், முத்திரை குத்தி நான் பையில் வைத்திருந்த படியையும் வாங்கிக்கொண்டார். அதே எண்ணுக்கு வேறொரு கடிதம் எழுதித் தரச்சொன்னார். ஏதாவது கோரிக்கை இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். பன்னிரண்டு பியூரெட் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். இதை ஏற்கெனவே மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது ஜோதியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

"இருபத்தொண்ணுல ஒம்பது எனக்கா? அப்பறம் என்னத்த சாப்புடறீங்க? இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? நான் ஒரு மடச்சி, பன்னெண்டு குடுனு மாடி ஏறி வந்தேன் பாரு."

"வாடக…?"

"ஏத்தல, போங்க. ஒம்பதே குடுங்க."

நான் படியை இரண்டிரண்டாக ஏறினேன். எழிலரசி பருப்புத் தாளித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். இரண்டாயிரத்தை வேண்டாம் என்றதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் அன்று எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தாள்.

அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது.

முதலில் கூப்பிடுவது மாறியது. 'சார்' போய் 'தம்பி' வந்தது. "தம்பி, மோட்டார் போட்டுட்டுப் போ." "தம்பி, கேஸ்காரன் வந்தா இருந்து வாங்கி வை." எனக்கு நாற்பத்து நான்கு வயது, அவர் அறுபத்தைந்தைத் தாண்டியவர், தம்பி என்பதில் தவறு இல்லை. ஆனால் ஐந்து வருடமாக அவருக்கு என் வயது தெரியும். எழிலரசியை 'மேடம்' என்றவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பால்கனியில் அவர் வீட்டு வடகம் காய்ந்தது. காக்கா ஓட்டுவது எழிலரசி வேலை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே கூப்பிட்டார்.

"தீபத்துக்குப் பத்து நாளு மாடிய விட்டுக் குடுத்துடுங்க. பெங்களூர் பார்ட்டி ஒண்ணு. பத்து நாளைக்கி அம்பதாயிரம் தரேங்கறாங்க, மலை தெரியிற வீடுனு. நீங்க மூணு பேரும் கீழ்பென்னாத்தூர் போயி இருந்துட்டு வாங்க. அண்ணன் வீடுதானே."

"அந்தப் பத்து நாள்லதாம்மா பூஜாவுக்கு அரையாண்டுப் பரிச்ச" என்றாள் எழிலரசி.

"பஸ் இருக்குதே. ஊர்ல பொண்ணுங்க வர்றதில்லையா?"

நான் சொன்னேன்: "அஞ்சு வருஷமா தீபத்துக்கு நீங்க இப்படிக் கேட்டதே இல்லையேம்மா."

"அப்ப உங்கள அம்பதாயிரம் சம்பளக்காரர்னு நெனச்சேன். மரியாதப்பட்ட மனுஷங்கள காலி பண்ணுங்கனு எப்படிக் கேக்கறது?" மறைக்காமல் சொன்னார். தன் வாயில் வந்தது என்னவென்று அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. "இப்ப நான் வாடகைய விட்டுக் குடுத்தேன் இல்ல? மாசம் மூவாயிரம். அத நான் எங்க போயி புடிக்கறது தம்பி? எனக்கும் மருந்து மாத்திர இருக்குது. ஒத்துவரலன்னா கார்த்திக முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்குங்க. நான் கோச்சிக்கல."

அவர் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்படுவதற்குக்கூட அந்த வீட்டில் ஆள் கிடைக்கவில்லை.

மாடிக்கு வந்ததும் எழிலரசியிடம் இரண்டாயிரம் விஷயத்தைச் சொன்னேன். ஏன் அன்று சொல்லாமல் அப்போது சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"அந்தாளு தானா வாயத் தொறந்து ரெண்டாயிரம் தரேன்னு சொன்னான். நீங்க வேணாம்னீங்க."

"ஆயிரம் பத்தாதுனு…"

"அந்த ஆயிரத்த நாலு பசங்களுக்குக் கூட டியூஷன் எடுத்து நான் கட்டியிருப்பேன். பன்னெண்டாயிரம் கட்டிட்டு மேடமா இருந்திருப்பேன். வடகத்துக்குக் காவல் இருந்திருக்கமாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "உண்மையத் தெரிஞ்சிகினு அந்தம்மா என்ன பண்ணப்போறாங்கனு நெனச்சீங்க? மெடல் குத்துவாங்களா?"

மறுநாள் காலை நேராக ராமதாஸிடம் போனேன். தாளாளர் சொன்ன இரண்டாயிரத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

"எந்த ரெண்டாயிரம்?"

"அன்னைக்கு லெட்டர் விஷயமா…"

"எந்த லெட்டரு சார்?" பதிவேட்டைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். "எழுநூத்து எம்பத்தி மூணு. நீங்க பியூரெட் கேட்டிருந்தீங்க. சாங்ஷன் ஆயி, வந்தும் எறங்கிடுச்சி. கமிட்டில கூட லேப் நல்லா இருக்குனு எழுதிட்டுப் போயிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணால எவ்ளோ ஜாடை காட்டினேன். பாத்தாத்தானே?" என்றார். நான் கிளம்பும்போது, "இந்த மாசக் கவர் இன்னும் வரல" என்று நினைவூட்டினார். அன்று ஐந்தாம் தேதி. மதியம் வங்கிக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தேன்.

கார்த்திகையில் துணிமணிகளையும் பாத்திரங்களையும் ஒரு அறையில் அடைத்துப் பூட்டிவிட்டுக் கீழ்பென்னாத்தூர் போனோம். போகும் முன் எழிலரசி குளியலறையைக் கழுவி, புதுப் படுக்கை விரிப்புகளை விரித்தாள், ஜோதியம்மாள் சொல்லியிருந்தார். முருகவேல் எங்களை வாங்க என்று சொன்னார். அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "பேங்க்ல பணத்த வச்சிகினு ஒரு ரூம் எடுத்துத் தங்கறதுக்கு என்னவாம்?" என்று சுவரிடம் கேட்டார்.

பூஜாவின் வேதியியல் தேர்வு தேர் முடிந்த மறுநாள் வந்தது. ஆறே காலுக்கே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டோம். வந்த இரண்டு பேருந்துகள் நிற்காமல் போயின. எட்டரைக்கு வந்த மூன்றாவதில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வந்தோம். கூட்டம் இன்னும் கலையவில்லை என்று ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஒருவர் முந்நூறு கேட்டார். பூஜா என்னைப் பார்க்காமல், "நடக்கலாம்ப்பா, நடந்தா கேள்வி கேட்டுகினே போலாம்" என்றாள்.

அவள் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போக, அன்னதான வரிசைகளுக்கு நடுவே அவள் பையைப் பிடித்துக்கொண்டு நான் போனேன். எதிரே வந்த கூட்டம் எங்களை இரண்டு முறை பிரித்தது. அவள் கத்திக் கேட்பாள். நான் கத்திப் பதில் சொல்வேன். பொட்டாசியம் பர்மாங்கனேட்டில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் என்ன என்று கேட்டதற்கு நான் ஏழு என்று கத்தியபோது, கற்பூரம் விற்ற அம்மாள் ஒருத்தி, "ஏழு பாக்கெட்டா சார்?" என்று எடுத்து நீட்டினாள். பூஜா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது தேர்வு தொடங்கிப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற ஆசிரியை முதலில் முடியாது என்றார். பிறகு வியர்வையில் நனைந்த பூஜாவின் முதுகைப் பார்த்து மனம் இளகினார்.

"பன்னெண்டாவது வேற. சரி, உள்ள வா. ஆனா லேட்டா வந்ததுக்குக் காரணம் எழுதி அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். ஹெச்செம் கேப்பாங்க. சீக்கிரம் சார்."

பூஜா தேர்வு அட்டையையும் ஒரு வெள்ளைத்தாளையும் என்னிடம் நீட்டினாள். நான் அட்டையை முன்கையில் வைத்துக்கொண்டு 'அனுப்புநர்' என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டேன்.

"அப்பா!" என்றாள் பூஜா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "ஒரே வரிப்பா. எல்லாத்தையும் எழுதாத. ப்ளீஸ்ப்பா."

நான் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'பேருந்து தாமதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.